தகரமும் கூவும், தங்கமும் கூவும்

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் தேவகோட்டைக்குப் பக்கம். சென்ற தை மாதம் என் வீட்டுக்காரருக்கு எழுபதாம் வயதுச் சாந்தி நடந்தது. ஆயிரம் ஜன்னல் வீடு இல்லையென்றாலும், ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. பின்னால் உள்ள தோட்டத்தில் பந்தல் போட்டுப் பந்தி வைத்தோம். அன்று பேத்தியின் அரைப் பவுன் மோதிரமும், என் நாத்தனாரின் நூல் போன்ற சங்கிலியும் தொலைந்தன. கூட்டிப் பார்த்தும் கிடைக்கவில்லை. இப்போது அந்த இடத்தில் மாடு கட்டியிருக்கிறோம். மழை பெய்தால் அதே தோட்டத்தில் பழைய செம்புக் காசுகள் தலைகாட்டும். வீட்டுக்காரர் ஒரு டப்பா நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி மகன் அடுத்த மாதம் வருகிறான். காசு, நகை தேடும் கருவி எதை வாங்கிவரச் சொல்லலாம்? எங்கள் பங்காளி ஒருவரிடம், தங்கத்தை மட்டும் காட்டும், முப்பது அடி ஆழம் பார்க்கும் என்று சொல்லி ஒரு கருவிக்கு இரண்டு லட்சம் கேட்கிறார்கள். 1942இல் பர்மாவிலிருந்து வந்த என் மாமனார் ஒரு செம்பு நிறையப் பவுன் புதைத்ததாக வீட்டில் ஒரு பேச்சும் உண்டு. அதையும் தேடலாமா?

பதில்:

ஆச்சி அவர்களுக்கு வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் மின் கேபிளையும் குடிநீர்க் குழாயையும் தேடிப் பிழைத்தவன் நான். நகை தேடித் தரச் சொல்லி வருகிறவர்கள் எல்லோரும் கருவியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை. உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது ‘தேவகோட்டைக்குப் பக்கம்’ என்பதுதான். கருவியைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை அந்த இரண்டு சொற்களிலேயே முடிந்துவிடுகிறது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த இரண்டு லட்ச ரூபாயைக் காப்பாற்றிவிடுவோம்.

தங்கத்தை மட்டும் காட்டும் கருவி உலகத்தில் எங்கும் கிடையாது. உங்கள் பங்காளியிடம் காட்டியது, ஒரு கைப்பிடியில் தானாகத் திரும்பும் ஆண்டெனா கம்பி செருகியிருக்குமே, அந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். தங்கத்துக்கென்று ஒரு தனி அதிர்வெண் இருக்கிறது, அதைப் பிடித்து ஒரு கிலோமீட்டர் தூரத்திலிருந்தே கம்பி திரும்பும் என்பார்கள். கம்பியைத் திருப்புவது பிடித்திருப்பவரின் கைதான். அவருக்கே அது தெரியாமல் நடக்கும். கிணறு வெட்டத் தண்ணீர் பார்க்கிறவர் கையில் வேப்பங்குச்சி இறங்குவதும் இப்படித்தான். படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள் ஏமாறமாட்டார்கள் என்றும் நினைக்க வேண்டாம். ஏடிஇ 651 என்று ஒரு ‘வெடிகுண்டு கண்டறியும் கருவி’யை ஓர் ஆங்கிலேய வியாபாரி ஈராக் உள்ளிட்ட நாடுகளுக்கு விற்றார். அதன் அசல், கோல்ஃப் பந்து தேடுவதற்கென்று விற்ற ஒரு விளையாட்டுச் சாமான். உள்ளே வேலை செய்யும் பாகம் எதுவுமே இல்லை. 2013இல் லண்டன் நீதிமன்றம் அவருக்குப் பத்து ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

உங்கள் பங்காளிக்கு ஒரு வழி சொல்லுங்கள். வாசலில் ஐந்து மண்சட்டிகளைக் கவிழ்த்து வைத்து, விற்பவர் பார்க்காதபோது ஒன்றின் கீழ் மோதிரத்தை வைக்கட்டும். வைத்தவரும் அந்த இடத்தில் நிற்கக் கூடாது. அவர் முகமே காட்டிக் கொடுத்துவிடும். பிறகு விற்பவரைக் கூப்பிட்டுக் கருவியால் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். ஒரு முறை குருட்டாம்போக்கில் சரியாகிவிடும், ஐந்தில் ஒன்றுதானே. பத்து முறை செய்யச் சொல்லட்டும். மூன்றாவது முறைக்குள் அவருக்கு அவசர வேலை வந்துவிடும்.

இனி உண்மையான கருவிக்கு வருகிறேன். நீண்ட கம்பின் நுனியில் தட்டுப் போல ஒரு சுருள் இருக்கும். அதில் ஓடும் மாறுமின்னோட்டம் மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. வழியில் உலோகம் இருந்தால் அதற்குள் சிறு சுழல் மின்னோட்டங்கள் பிறக்கும். அவை தம் பங்குக்கு ஒரு மெல்லிய காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். அது எவ்வளவு வலுவாக, எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதை அளந்து கருவி ஓர் ஒலி எழுப்பி, திரையில் ஓர் எண் காட்டும். அந்த எண் உலோகத்தின் பெயர் இல்லை. பொருளின் அளவு, வடிவம், மின்கடத்தும் திறன் எல்லாம் கலந்து வருகிற ஒரு குரல், அவ்வளவுதான். குரலை வைத்து ஆளை ஊகிக்கலாமே தவிர முகம் பார்க்க முடியாது.

குரல்களில் எது எளிது, எது கடினம் என்று சொல்கிறேன். 1940க்கு முந்தைய வெள்ளி ரூபாய் இருக்கிறதே, பதினொன்றே முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடை, நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பங்குக்கு மேல் வெள்ளி. அது மண்ணுக்குள்ளிருந்து கோயில் மணி போலக் கேட்கும். எந்தக் கருவியும் விடாது. பழைய காலணாச் செம்புக் காசும் அப்படித்தான். தங்கம்தான் சிக்கல். சுத்தத் தங்கம் நன்றாக மின்சாரம் கடத்தும். ஆனால் நகைக்காகச் செம்பும் வெள்ளியும் சேர்த்ததும் அந்தத் திறன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பேத்தியின் மோதிரம் நான்கு கிராம். திரையில் அது காட்டும் எண்ணும், பந்தியில் சாப்பாட்டுப் பொட்டலம் சுற்றிவந்த அலுமினியத் தாள் காட்டும் எண்ணும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். சில நேரம் ஒரே வீடு.

ஆகவே ‘குப்பையை ஒதுக்கிவிட்டுத் தங்கத்தை மட்டும் காட்டு’ என்று கருவியில் பொத்தானை அமுக்கினால், அலுமினியத்தோடு மோதிரமும் ஒதுங்கிவிடும். மோதிரம் வேண்டுமென்றால் தகரத்தையும் தோண்டித்தான் ஆக வேண்டும். இதைச் சொல்லாமல் விற்கிற கடைக்காரர்தான் அதிகம்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. இன்றைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் காந்தம் ஒட்டும் எஃகு. கருவி அவற்றை இரும்பின் பக்கம் தள்ளிவிடும். நூறு வருடத்துக் காலணாவைக் கண்டுபிடிக்கிற கருவி, நேற்று விழுந்த ரூபாயை ஆணி என்று நினைக்கும். அந்தச் சாந்தியில் மொய்ப்பணம் சிதறியிருந்தால் அதை இந்தக் கருவியை நம்பித் தேடாதீர்கள்.

நாத்தனாரின் சங்கிலியைப் பற்றி மனதைத் தேற்றிக்கொள்ளும்படிதான் சொல்ல முடியும். மோதிரம் மூடிய வளையம். சுழல் மின்னோட்டம் அதில் ஓர் சுற்றுச் சுற்றிவர வழி இருக்கிறது. சங்கிலியோ நூற்றுக்கணக்கான சின்னக் கண்ணிகள். ஒரு கண்ணியிலிருந்து அடுத்ததற்கு மின்சாரம் சரியாகப் போவதில்லை. கருவிக்குத் தெரிவது முழுச் சங்கிலி இல்லை, அதன் ஒரு கண்ணிதான். நான்கு பவுன் முறுக்குச் சங்கிலி என்றால் பரவாயில்லை. நூல் போன்றது என்று எழுதியிருக்கிறீர்கள். கொக்கியோ திருகோ சற்றுத் தடிமனாக இருந்தால் அந்த இடம் மட்டும் முணுமுணுக்கும். அதற்குக் கருவியைவிடச் சல்லடை நல்லது. உங்கள் வீட்டுக் கழுத்திரு, அதாவது கல்யாணத் தாலி, போன்ற கனத்த உருப்படி என்றால் இவ்வளவு பேச்சே தேவையில்லை. காற்றிலேயே சத்தம் போடும்.

இப்போது மண். உங்கள் பக்கத்துக் கிணற்றுச் சுவரையும் பழைய மதிலையும் பாருங்கள்: செம்புறாங்கல். வெட்டும்போது மெத்தென்று இருந்து, வெயில் பட்டதும் இறுகும் அந்தக் கல்லின் சிவப்பு இரும்பு ஆக்சைடு. தோட்டத்துச் செம்மண்ணிலும் அதுதான் கலந்திருக்கிறது. சுருளுக்குக் கீழே மோதிரம் இருக்கிறதோ இல்லையோ, இரும்பு ஆக்சைடு எப்போதும் இருக்கும். அதுவும் பதில் குரல் கொடுக்கும். கடற்கரை மணலில் ஒன்றரைச் சாண் ஆழத்தில் காசைக் கேட்கிற கருவி, உங்கள் தோட்டத்தில் பாதி ஆழத்தில் தடுமாறுவது இதனால்தான். போதாததற்கு நாட்டு ஓட்டுச் சில்லுகள். சூளையில் வெந்த மண்ணுக்குக் காந்தத் தன்மை கூடிவிடும். நூறு ஆண்டுகளாக ஓடு மாற்றி மாற்றிச் சில்லை எல்லாம் தோட்டத்தில்தானே கொட்டியிருப்பார்கள்? ஒவ்வொரு சில்லும் ஒரு பொய்ச் சாட்சி.

இந்த இரைச்சலை அடக்குவதற்குக் கருவியில் ‘நிலச் சமன்’ என்றோர் ஏற்பாடு உண்டு. உலோகம் இல்லாத இடத்தில் சுருளை மண்ணுக்கு மேல் உரலில் உலக்கை போடுவதுபோல் ஏற்றி இறக்கினால், மண்ணின் குரலைக் கருவி தெரிந்துகொண்டு அதைக் கழித்துவிடும். செட்டிநாட்டுக்குக் கருவி வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எவ்வளவு ஆழம் பார்க்கும்’ என்பது இல்லை. ‘நிலச் சமனை நான் மாற்ற முடியுமா’ என்பதுதான்.

அமெரிக்காவின் காரெட் நிறுவனத்து ஏஸ் 200, 300, 400 ஆகிய கருவிகள் உலகெங்கும் புதியவர்கள் கையில் இருப்பவை. எளியவை, உழைப்பவை. ஆனால் அவற்றின் நிலச் சமன் ஆலையிலேயே நிலையாக வைக்கப்பட்டது; நாம் மாற்ற முடியாது. வண்டல் மண்ணில் இருந்தால் தயங்காமல் வாங்கச் சொல்லியிருப்பேன். உங்கள் தோட்டத்துக்கு வேண்டாம்.

இரண்டாவது விஷயம் அதிர்வெண். ஏஸ் 300 எட்டு கிலோஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. தாழ்ந்த அதிர்வெண் பெரிய வெள்ளிக் காசுக்கு நல்லது. சின்னத் தங்கத்துக்கு உயர்ந்த அதிர்வெண் வேண்டும். அப்படியானால் நாற்பத்தைந்து கிலோஹெர்ட்ஸில் இயங்கும் தங்கத்துகள் தேடும் கருவியை வாங்கிவிடலாமே என்று தம்பி மகன் கேட்கக் கூடும். ஆற்றுப் படுகையில் பொடித் தங்கம் தேடுவதற்குப் பிறந்தது அது. பந்தி நடந்த தோட்டத்தில் அதைப் பிடித்தால் ஒவ்வொரு பாக்குப் பொட்டலத் துணுக்கும் பேசும். ஓரிரு மணி நேரத்தில் வெறுத்துப்போய்ப் பரணில் போட்டுவிடுவீர்கள்.

உங்களுக்கு மோதிரமும் வேண்டும், வீட்டுக்காரருக்குக் காசும் வேண்டும், மண்ணோ செம்மண். ஆகையால் ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் இயங்குவதும், நிலச் சமனைக் கையால் மாற்றக் கூடியதுமான கருவிதான் பொருத்தம். ஆஸ்திரேலியாவின் மைன்லாப் நிறுவனத்து ஈக்வினாக்ஸ் வரிசை, துருக்கியின் நோக்டா நிறுவனத்து லெஜண்ட் ஆகியவை இந்த இனம். இரண்டில் எது கையில் கிடைக்கிறதோ அது. அவற்றுக்குள் எது உயர்ந்தது என்று நாள் முழுக்க வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேறு வேலை இல்லை. அவ்வளவு பணம் போட மனம் இல்லையென்றால் நோக்டாவின் சிம்ப்ளெக்ஸ் போதும். ஒரே அதிர்வெண்தான். ஆனால் நிலச் சமனை மாற்றலாம், தண்ணீரிலும் நனையலாம். மோதிரத்துக்கும் காசுக்கும் நடுவான ஒரு சமரசம் அது.

துடிப்பு முறையில் இயங்கும் கருவி என்று இன்னொரு வகையை யாராவது சிபாரிசு செய்தால், கேட்டுக்கொண்டு விட்டுவிடுங்கள். செம்மண்ணை அது பொருட்படுத்தாது என்பது உண்மைதான். ஆனால் ஆணிக்கும் மோதிரத்துக்கும் வித்தியாசம் சொல்வதில் அது மகா மந்தம். செட்டிநாட்டு வீட்டுத் தோட்டத்தில் ஆணிக்குப் பஞ்சமா?

இரும்பைப் பற்றிப் பேசும்போது ஒரு பழைய கதை. 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டுவிட்டார்கள். உடம்புக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று தேட, தொலைபேசி தந்த கிரஹாம் பெல் ஓர் உலோகம் காணும் கருவியைச் செய்துகொண்டு போனார். கருவி எங்கு வைத்தாலும் கத்தியது. நோயாளி படுத்திருந்த மெத்தைக்குள் இரும்புச் சுருள்கள்! உங்கள் வீடும் அந்த மெத்தைதான். ஜன்னலுக்கு ஜன்னல் இரும்புக் கம்பி, உடைந்த எனாமல் சட்டி, மாட்டு லாடம், பந்தல்காரர் விட்டுப்போன ஆணி, சோடா மூடி. நான் ஒருமுறை கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை தேடினேன். கிடைத்தவை: ஆணிகள் ஒரு சிரட்டை நிறைய, ஒரு பித்தளைக் கொண்டி, எண்ணெய்ச் செக்கிலிருந்து வந்த ஏதோ ஒரு வளையம், ஓர் அலுமினியப் பத்துப் பைசா. தேடப்போன தோடு, மறுநாள் குளியலறைச் சாக்கடை வலையில் இருந்ததாகச் செய்தி வந்தது.

அதனால் கேட்கிறேன்: மோதிரம் தோட்டத்தில்தான் விழுந்தது என்பது நிச்சயமா? மோதிரம் கழலுவது பெரும்பாலும் கை கழுவும் இடத்தில், எண்ணெயும் சோப்பும் பட்ட விரலில். பந்தியன்று கை கழுவத் தண்ணீர் வைத்த இடம் எது, அந்தத் தண்ணீர் எந்த வழியாக ஓடியது என்று பேத்தியை அழைத்து நிதானமாகக் கேளுங்கள். அதட்டாமல் கேளுங்கள், பயந்த பிள்ளை எல்லா இடத்திலும் நின்றதாகச் சொல்லும்.

கருவியோடு சேர்த்து வாங்க வேண்டியவை மூன்று. ஆறு அங்குலத்தை ஒட்டிய சின்னச் சுருள் ஒன்று. கூடவே வரும் பதினோரு அங்குலச் சுருளின் கீழ் ஒரே நேரத்தில் நான்கு ஆணியும் ஒரு மோதிரமும் சிக்கினால் ஆணிகளின் குரலில் மோதிரம் அமுங்கிவிடும். சின்னச் சுருள் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்கும். மதிலோரத்திலும் அதுதான் நுழையும். இரண்டாவது, பின்பாயிண்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள். கேரட் கிழங்கு அளவில் ஒரு குச்சி. தோண்டிய குழிக்குள்ளும் அள்ளிய மண்ணுக்குள்ளும் பொருள் எங்கே என்று அதுதான் தொட்டுக் காட்டும். இது இல்லாமல் தேடுகிறவர்கள் கையில் எடுத்த மண்ணோடு மோதிரத்தையும் தூக்கி எறிகிறார்கள். மூன்றாவது, காதில் மாட்டும் ஹெட்ஃபோன். மெல்லிய குரல்கள்தான் நமக்கு வேண்டியவை; காக்கைச் சத்தத்தில் அவை கேட்காது.

கல்யாண மண்டப வாசலில் காவலர் உடம்பைத் தடவுகிற கைக்கருவி போதாதா என்று பலர் கேட்கிறார்கள். ஒரு சாணுக்குள் கத்தி இருக்கிறதா என்று பார்க்க அது போதும். மண்ணைப் பார்க்கப் போதாது.

கருவி வந்த அன்றே தேட இறங்காதீர்கள். அதே எடையில் இன்னொரு மோதிரத்தை எடுத்து, தோட்டத்தில் நான்கு விரற்கடை ஆழத்தில் புதைத்து, அதன் குரலையும் எண்ணையும் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஓர் அலுமினியத் தாளைச் சுருட்டிப் புதைத்து அதையும் கேளுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: புதைக்கும் மோதிரத்தில் சிவப்பு நூலைக் கட்டி நுனியை வெளியே விடுங்கள். நான் முதல் கருவி வாங்கிய புதிதில் மனைவியின் மோதிரத்தை நூல் கட்டாமல் புதைத்துவிட்டு இரண்டு நாள் தேடினேன். அந்த இரண்டு நாளில் வீட்டில் எனக்குக் கிடைத்த சாப்பாட்டைப் பற்றி எழுத விரும்பவில்லை.

தேடும்போது தோட்டத்தைக் கயிறு கட்டி மூன்றடி அகலப் பாத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சுருள் மண்ணுக்கு ஓர் அங்குல உயரத்தில், தரைக்கு இணையாகப் போக வேண்டும். அரிவாள் வீசுவதுபோல் ஓரங்களில் மேலே தூக்கக் கூடாது. ஒரு வீச்சின் பாதி அடுத்த வீச்சில் வரட்டும். வேகம் வேண்டாம், கோலம் போடுகிற நிதானம் போதும். ஈக்வினாக்ஸ் 800 ஒன்றே கால் கிலோவுக்கு மேல் எடை. அரை மணி நேரத்தில் தோள் கேட்கும், ஆகவே இந்த வேலை தம்பி மகனுடையது. நீங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து மண்ணைச் சலியுங்கள். தை மாதம் விழுந்த மோதிரம் கையளவு ஆழத்துக்கு மேல் போயிருக்காது. அள்ளுகிற மண்ணைப் பிளாஸ்டிக் தட்டிலோ ஓலைச் சுளகிலோ போடுங்கள். இரும்புச் சாந்துச் சட்டியில் போட்டுவிட்டுக் கருவி கத்துகிறதே என்று மகிழ்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மின்கம்பி மேலே போகிற இடத்திலும், சட்டைப்பையில் கைபேசி இருக்கும்போதும் கருவி காரணமில்லாமல் உளறும். அப்போது உணர்திறனைக் குறைத்து வைத்தால் சரியாகும்.

வீட்டுக்காரரின் காசுகளைப் பற்றி. மழைக்குப் பின் வருகிற செம்புக் காசுகளில் மிகச் சிறியதாக, ஒரு பக்கம் அம்மன் அமர்ந்த கோலமும் மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்ற எழுத்தும் இருந்தால், அது புதுக்கோட்டைச் சமஸ்தானத்து அம்மன் காசு. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துத் தானமாகக் கொடுத்தது. நம் பக்கத்தில் கிடைப்பதில் அதிசயம் இல்லை. டப்பாவில் இருப்பவற்றைத் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். குத்துவிளக்குக்குச் செய்கிற மரியாதை காசுக்கு ஆகாது. மேலே படிந்த பச்சையும் பழுப்பும் போனால் எழுத்தும் சேர்ந்து போய்விடும், சேகரிப்பவர் கண்ணில் மதிப்பும் போய்விடும். சுத்தத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் மண்ணை மட்டும் நீக்கி, நிழலில் உலர்த்துங்கள்.

கடைசியில் மாமனாரின் செம்பு. பர்மாவிலிருந்து வந்த குடும்பங்களில் இப்படி ஒரு செம்பு இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. ரங்கூனில் குண்டு விழுந்து, கப்பலுக்கு இடமில்லாமல் காட்டுவழி நடந்து வந்தவர்களே ஏராளம். அப்படி வந்தவர் எதைச் சுமந்திருப்பார் என்பது ஒரு கேள்வி. சுமந்திருந்தாலும், பிறகு மகள் கல்யாணத்துக்குப் பணம் தேவைப்பட்டபோது தோண்டாமல் விட்டிருப்பாரா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. இருந்தாலும் கணக்குச் சொல்கிறேன். ஐந்நூறு பவுன் என்றாலும் நான்கு கிலோதான். தங்கம் கனமே தவிர இடம் அடைக்காது, ஒரு சின்னச் செம்புக்குள் அடங்கிவிடும். அந்த அளவுப் பொருளை நான் மேலே சொன்ன கருவி உங்கள் மண்ணில் இரண்டடி ஆழம்வரை கேட்கலாம். முப்பது அடி என்பதெல்லாம் விற்பவரின் நாக்கு பார்க்கிற ஆழம்.

ஆனால் இதில் சட்டம் இருக்கிறது. பேத்தியின் மோதிரம் தவறி விழுந்த உங்கள் பொருள். எடுத்து விரலில் போட்டுக்கொள்ளலாம். புதைத்து வைத்தது என்றால் கதை வேறு. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்குள்ளோ, மண்ணோடு ஒட்டிய கட்டடத்துக்குள்ளோ மறைத்து வைக்கப்பட்ட பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சிவகங்கைக்கு ஒரு நடை போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய் என்பது 1878இன் பத்து ரூபாய்; மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. சொல்லாமல் மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு, பங்கும் போய்விடும். பொருள் நூறு ஆண்டுகளுக்குள் புதைக்கப்பட்டதா என்பதை ஆட்சியர் விசாரிப்பார். 1942 என்றால் நூறு ஆகவில்லை. மாமனார் புதைத்ததென்று நிரூபித்தால் உரிமை கேட்கலாம். அப்போதும் அது உங்கள் ஒரு புள்ளிக்கு, அதாவது உங்கள் ஒரு குடும்பத்துக்கு, மட்டும் போகாது. வீட்டில் எத்தனை பங்கு இருக்கிறதோ அத்தனை பேரும் வருவார்கள். ஆகையால் செம்பைத் தேடுவதாக இருந்தால், மண்வெட்டி எடுக்கும் முன்பே பங்காளிகளைக் கூட்டிச் சொல்லிவிடுங்கள். கிடைக்காமல் போனால்கூட, கிடைத்ததை மறைத்துவிட்டார்கள் என்ற பேச்சு மூன்று தலைமுறைக்கு ஓடும்.

உங்கள் தோட்டத்தைத் தாண்டி, ஊருணிக் கரையிலும் கோயில் பொட்டலிலும் தம்பி மகன் கருவியோடு இறங்க வேண்டாம். அவை ஊருக்கும் கோயிலுக்கும் உரியவை. தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களில் தோண்டுவது குற்றம். கீழடி இருக்கிற மாவட்டம் நம்முடையது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானியப் பொற்காசுகள் மொத்தமாகக் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின்மேல் வெட்டு இருந்தது. ஒன்றாகக் கிடைத்து, ஒன்றாகக் கணக்கில் வந்ததால்தான் அந்த வெட்டு ஆராய்ச்சிக்கு வந்தது. ஒவ்வொன்றாகத் தட்டாரிடம் போயிருந்தால் உருக்கிய கட்டியில் எந்த வெட்டைப் பார்ப்பது?

கருவி வர ஒரு மாதம் இருக்கிறது என்கிறீர்கள். அதற்குள் இரண்டு வேலை. சாந்தி முடிந்து கூட்டிய குப்பையை எங்கே கொட்டினீர்கள் என்று வேலைக்காரரிடம் கேட்டு, அந்தக் குழியைக் கிளறாமல் அடையாளம் வையுங்கள். எரித்திருந்தால் சாம்பலையும் விடாதீர்கள், குப்பைத் தீயில் தங்கம் உருகாது. மாட்டை இன்றே அவிழ்த்து வேறு இடத்தில் கட்டுங்கள். குளம்பு மிதித்து மோதிரம் வளைந்து ஓரிடத்தில் விட்டுப்போனால் அது மூடிய வளையமாக இருக்காது. பிறகு அதன் குரல் நாத்தனாரின் சங்கிலியைப் போலத் தேய்ந்துவிடும்.